அந்த மருந்துச் சீட்டு இன்னும் கைப்பையில்தான் இருக்கிறதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 46. கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க நாற்காலியில்தான். அலுவலகத்தில் நடந்த உடல் பரிசோதனையில் பிபி 148/94 என்றார்கள். பதறிப்போய் மறுவாரமே டாக்டரிடம் போனேன். அங்கே 142/90. ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் மணிக்கட்டில் கட்டும் கருவியில் பார்த்தால் ஒரு நாள் மேல் அளவு 128, இன்னொரு நாள் 139. 'மாத்திரையை ஆரம்பித்தால் சாகும்வரை நிறுத்த முடியாது அக்கா, முதலில் உப்பைக் குறை, நட' என்கிறான் தம்பி. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. எடை 74 கிலோ, உயரம் 158 செ.மீ. முழங்கால் வலிக்கு வாரத்தில் நாலைந்து நாள் வலி மாத்திரை போடுவேன், மற்றபடி எந்த மருந்தும் கிடையாது. அப்பாவுக்கு 59 வயதில் பக்கவாதம் வந்தது. எனக்குத் தலைவலி, தலைசுற்றல் எதுவும் இல்லை. சீட்டு மூன்று வாரமாகக் கைப்பையில் இருக்கிறது. மாத்திரையைத் தொடங்கட்டுமா, மூன்று மாதம் பார்க்கட்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை என் கண்ணும் பிபி எண்களில்தான் போய் நின்றது. இரண்டாம் தடவைதான், 'மற்றபடி எந்த மருந்தும் கிடையாது' என்பதற்கு முன்னால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வலி மாத்திரை உறுத்தியது. அதற்கு வருகிறேன்.

கேட்டதற்கு முதலில் பதில். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், இன்றைக்கே மாத்திரை போட்டாக வேண்டிய அவசரம் தெரியவில்லை. மூன்று மாதம் முயன்று பார்ப்பது நியாயமான வழிதான். ஆனால் டாக்டரிடமும் சொல்லாமல், சரியாக அளந்தும் பார்க்காமல், சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்துகிறீர்களே, அதை முயற்சி என்று சொல்ல முடியாது. போன மூன்று வாரத்தை அந்த மூன்று மாதக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

உங்கள் டாக்டர் அவசரப்பட்டுவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 140/90 என்பது உறுதியாகிவிட்டால் மருந்தைத் தொடங்கலாம் என்கிறது. அதற்கு முந்தைய வருடம் சர்வதேச உயர் ரத்த அழுத்தச் சங்கம் சொன்னது சற்று வேறு: 140 முதல் 159 வரை இருந்து, இதயநோய், சிறுநீரக நோய், சர்க்கரை நோய் போன்ற கூடுதல் ஆபத்து இல்லாவிட்டால், மூன்று முதல் ஆறு மாதம் வாழ்க்கை முறையை மாற்றிப் பார்த்துவிட்டு மருந்துக்குப் போகலாம். இரண்டும் படித்தவர்கள் கூடி எழுதியவைதான். அமெரிக்காவில் 2017இலிருந்து 130/80 என்றாலே உயர் ரத்த அழுத்தம். மற்றப் பல நாடுகளில் இன்னும் 140/90தான். விமானம் ஏறி இறங்கினால் நோயாளி ஆகிவிடலாம் என்று நாங்கள் எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வதுண்டு. கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. ரத்தக் குழாய்க்கு அப்படி ஒரு கோடு தெரியாது. சுமார் 10 லட்சம் பேரின் விவரங்களை 61 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2002இல் வெளியிட்டார்கள். 40 வயதிலிருந்து 69 வயது வரையுள்ளவர்களுக்கு, 115/75இல் தொடங்கி மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 கூடும்போதெல்லாம் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாகும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று அதில் தெரிந்தது. 139 வரை நிம்மதி, 140 வந்தால் ஆபத்து என்று எந்த இடத்திலும் ஒரு படி கிடையாது.

அதனால் 'என் எண் கோட்டைத் தாண்டிவிட்டதா' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் அந்த எண்ணை நம்பலாமா என்று பார்ப்போம்.

அலுவலகப் பரிசோதனையைக் கற்பனை செய்து பார்க்கிறேன். வரிசையில் நின்று, முறை வந்ததும் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே கையை நீட்டியிருப்பீர்கள். பேசினாலே மேல் அளவு 10 வரை ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். கால்மேல் கால் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம். அப்புறம் கையில் சுற்றும் பட்டை. கொஞ்சம் பருமனான கைக்கு வழக்கமான பட்டையைக் கட்டினால், பட்டை ஓர் அளவு சிறியது என்றாலே 5 வரை கூடுதலாகக் காட்டும். இரண்டு அளவு சிறியது என்றால் 20 வரைகூடப் போகும். உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் உடல் எடைக் குறியீடு 29.6 வருகிறது. பெரிய பட்டை தேவைப்படலாம். அளந்தவர் உங்கள் கையைச் சுற்றிப் பார்த்துப் பட்டையைத் தேர்ந்தெடுத்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

மணிக்கட்டுக் கருவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரத்தமும் திரவம்தான். கை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. தாழ்ந்திருந்தால், அந்த உயரத்துக்கான எடையும் சேர்ந்து 7, 8 கூடுதலாகக் காட்டும். மேலே தூக்கியிருந்தால் அதே அளவு குறைத்துக் காட்டும். ஒரு நாள் மடியில் வைத்தும் ஒரு நாள் மேஜைமேல் வைத்தும் அளந்திருந்தால், உங்கள் 128க்கும் 139க்கும் உள்ள வித்தியாசத்தை அதிலேயே விளக்கிவிடலாம். மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவி ஒன்றை வாங்குங்கள். தரம் சோதித்து உறுதி செய்யப்பட்டதா, பட்டை உங்கள் மேற்கையின் சுற்றளவுக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கியபின் ஏழு நாள் இந்த வேலையைச் செய்யுங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காப்பிக்கு முன்னால், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். போன் பார்க்காமல் சும்மா இருப்பதுதான் பலருக்கு இதில் கஷ்டமான பகுதி. கையை மேஜைமேல் இதய மட்டத்தில் வைத்து, துணிக்கு மேல் இல்லாமல் வெறுங்கையில் பட்டையைச் சுற்றி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து எழுதுங்கள். மாலையிலும் இதே மாதிரி. முதல் நாள் அளவுகளை அடித்துவிடுங்கள், அன்றைக்குப் பதற்றமும் புதுக் கருவியும் சேர்ந்து விளையாடியிருக்கும். மீதி ஆறு நாளின் சராசரிதான் எனக்கு வேண்டும். கூடுதலாக வந்த எண்ணைப் பார்த்துப் பயந்து உடனே நாலு தடவை திரும்பத் திரும்ப அளக்காதீர்கள். குறைவாக வந்ததை மட்டும் எழுதவும் செய்யாதீர்கள். இரண்டுமே நான் தினமும் பார்ப்பவை.

அந்தச் சராசரி 135/85க்குக் கீழே இருந்தால், டாக்டர் முன்னால் மட்டும் ஏறும் வகையாக இருக்கலாம். அதற்கு இப்போதைக்கு மாத்திரை தேவைப்படாது. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அப்படிப்பட்டவர்களில் பலருக்குப் பின்னால் நிஜமாகவே ஏறிவிடுகிறது. 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஏற்றம் உண்மைதான். சிலருக்கு இதற்கு நேர்மாறாக, கிளினிக்கில் சரியாக இருந்து வீட்டில் ஏறும். அதுதான் கூடுதல் ஆபத்தானது, யாரும் தேடமாட்டார்கள்.

சரி, வலி மாத்திரைக்கு வருவோம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றுவதைத் தடுக்கும். உடம்பில் தங்கும் அந்த உப்பும் நீரும் பிபியை ஏற்றும். ஏற்கெனவே பிபி உள்ளவர்களுக்குச் சராசரியாக 5 வரை, சிலருக்கு அதைவிட அதிகமாகவும் ஏறுவதுண்டு. வாரத்தில் நாலைந்து நாள் போடுகிறீர்கள் என்றால், உங்கள் 142இல் ஒரு பங்கு முழங்காலிலிருந்து வந்திருக்கலாம். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பிபி மாத்திரைகள் பலவற்றின் வேலையையும் இவை மழுங்கடிக்கும். சில பிபி மாத்திரைகளோடு சேர்த்துத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. உங்கள் டாக்டரிடம் இந்த வலி மாத்திரையைப் பற்றிச் சொன்னீர்களா? 'வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால், கடையில் தானே வாங்கிப் போடும் வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு எழுதிய கடிதத்திலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்!

அதற்குப் பதில் என்ன என்று கேட்பீர்கள். முழங்காலில் தடவும் களிம்பு வகைகளில் மருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, அதை முதலில் முயலலாம். பாராசிட்டமால் பரவாயில்லை. ஆனால் அதையும் தினமும் 4 கிராம் வீதம் இரண்டு வாரம் சாப்பிட்ட பிபிக்காரர்களுக்குச் சுமார் 5 ஏறியதாக 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. எப்போதாவது ஒன்றிரண்டு போடுவதற்குப் பயம் வேண்டாம், தினசரி வழக்கமாக்க வேண்டாம். உண்மையில் முழங்காலுக்கு நல்லது தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை, அளவுக்கு மேல் அதிமதுரம், இவையும் பிபியை ஏற்றும். இவற்றில் ஏதாவது இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் யாராவது சொன்னதுண்டா? பகலில் கணக்கு எழுதும்போது தூக்கம் சொக்குகிறதா? அப்படியானால் அதையும் பரிசோதிக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதைக் கவனிக்காமல் விட்டால், பிபி பிடிவாதமாக இறங்காமலே இருக்கும்.

அடுத்தது, அந்த எண்ணைச் சுற்றி வேறு என்ன ஆபத்து இருக்கிறது என்பது. ஒரே 142, இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம். பிரிட்டனில் மிதமான பிபி உள்ள 17,354 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 1985இல் வெளியானது. 850 பேர் ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டால் ஒரு பக்கவாதம் தடுக்கப்படும் என்று அதில் கணக்கிட்டார்கள். இதைக் கேட்டால் தம்பிக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது ஒரு வருடக் கணக்கு, பிபி என்பதோ முப்பது வருடச் சமாச்சாரம். ஆபத்து அதிகமுள்ளவர்களைத் தனியே எடுத்தால் அந்த 850 வெகுவாகக் குறைந்துவிடும். நீங்கள் அந்தக் கூட்டமா இல்லையா என்று தெரிய, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஓர் இசிஜி, இவ்வளவு பார்த்தால் போதும். சிறுநீரில் புரதம் கசிந்தாலோ, இதயச் சுவர் தடித்த அறிகுறி இருந்தாலோ, சிறுநீரகம் தளர்ந்திருந்தாலோ, மூன்று மாதப் பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கே மாத்திரை. அப்பாவின் பக்கவாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவும் எடுக்க மாட்டேன். கர்ப்ப காலத்தில் உங்களுக்குப் பிபி ஏறியதுண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்தோடு போய்விட்டது என்று எல்லோரும் மறந்துவிடுவார்கள், உங்கள் ரத்தக் குழாய் மறந்திருக்காது. அறிகுறி இல்லை என்பதில் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். இந்த அளவுப் பிபி யாருக்கும் தலைவலி கொடுத்துச் சொல்லிவிட்டு வருவதில்லை.

இனி அந்த மூன்று மாதம். 'உப்பைக் குறை, நட' என்று தம்பி சொன்னது தவறில்லை, ஆனால் உங்களுக்கு நான் வேறு வரிசையில் சொல்வேன். முதலில் வலி மாத்திரை. அடுத்து எடை. ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு ஏறக்குறைய 1 குறையும் என்பது பொதுவான கணக்கு. ஐந்து கிலோ இறக்கினால் முழங்காலும் நன்றி சொல்லும், வலி மாத்திரையும் தானாகக் குறையும். மூன்றாவது உப்பு. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், எல்லா உணவிலும் சேர்த்து. மேஜையில் தூவும் உப்பை நிறுத்திவிட்டு, பொட்டலத்தில் வரும் தின்பண்டம், சாஸ், பதப்படுத்திய உணவு ஆகியவற்றை விட்டுவைத்தால் பெரிய பலன் இருக்காது. நாக்குக்கு உப்பாகத் தெரியாத பண்டத்திலும் உப்பு நிறைய இருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து, சாதாரண உப்புக்குப் பதிலாகக் கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்த முடிவு 2021இல் வந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியத்தை ஏற்றும் பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. உங்கள் ரத்தப் பரிசோதனை வரட்டும், பிறகு பார்க்கலாம்.

காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த உணவை வைத்து அமெரிக்காவில் 1997இல் 459 பேரிடம் செய்த பரிசோதனையில், பிபி உள்ளவர்களுக்கு மேல் அளவு 11 வரை இறங்கியது. ஒரு மாத்திரைக்குச் சமம். ஆனால் அங்கே சமைத்து, அளந்து, கையில் கொடுத்தார்கள். வேலையை முடித்துவிட்டு வந்து நீங்களே சமைத்தால் அதில் பாதி கிடைத்தாலும் நான் சந்தோஷப்படுவேன். நடைப்பயிற்சி நல்லதுதான், வாரத்தில் 150 நிமிடம் என்பது பொதுவான இலக்கு. வலிக்கிற முழங்காலோடு வேகமாக நடந்து, அந்த வலிக்கு மறுபடி மாத்திரை போட்டால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதைதான். நீச்சலோ சைக்கிளோ உங்களுக்கு ஒத்துவரும். இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து 30 இறங்கும் என்று கணக்குப் போடாதீர்கள் (கணக்கு எழுதுபவர் என்பதால் சொல்கிறேன்). ஒன்றின் பலன் இன்னொன்றில் கரையும். 8, 10 இறங்கினாலே நீங்கள் ஜெயித்த மாதிரி.

தம்பி சொன்ன 'நிறுத்தவே முடியாது' என்பதில் பாதிதான் உண்மை. பிபி மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதில்லை. மழை பெய்யும்வரை குடை வேண்டும், அவ்வளவுதான். எடை நன்றாகக் குறைந்து, உப்பும் குறைந்து, மாத்திரை அளவைக் குறைத்தவர்களும் டாக்டர் பார்வையில் நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். பலருக்கு மழை நிற்பதில்லை என்பதும் நிஜம். சில வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிபி எகிறும் என்பதால்தான் 'நீங்களாக நிறுத்தாதீர்கள்' என்று சொல்கிறோம். அது காதுக்குக் காது போய் 'நிறுத்தவே முடியாது' என்று ஆகிவிட்டது. எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் குறைந்த அளவில் தொடங்குவதில் நஷ்டம் அதிகமில்லை. வழக்கமான அளவில் பாதியே முழு அளவின் பலனில் ஐந்தில் நான்கு பங்கைக் கொடுத்துவிடும், பக்க விளைவோ பெரும்பாலும் அளவைப் பொறுத்தது. கணுக்கால் வீங்கினாலோ, சில வகைகளில் வறட்டு இருமல் வந்தாலோ, மாத்திரையைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மாற்று நிறைய இருக்கிறது. இந்த வயதில் கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், பிபி மருந்துகளில் சில அப்போது கூடவே கூடாது.

எனக்கும் பிபி உண்டு. 51 வயதில் தெரிந்தது. 'அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காக நடக்கிறேன்' என்று ஒன்றரை வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டவன் நான். அதனால்தான் யாருக்கு மூன்று மாதம் கொடுத்தாலும் ஒரு தேதியைக் குறித்துக் கொடுக்கிறேன்.

இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் போய், மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை என்று சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லாவிட்டால், அடுத்த தடவை பிபி அதே அளவில் இருப்பதைப் பார்த்து, முதல் மாத்திரை போதவில்லை என்று நினைத்து இரண்டாவதையும் எழுதிவிடுவார். வலி மாத்திரை விவரத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஏழு நாள் குறிப்பு முடிந்ததும் அதை அவரிடம் காட்டி, மூன்று மாதம் கழித்து வரும் ஒரு தேதியை இருவருமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் வீட்டுச் சராசரி 135/85க்கு மேலேயே நின்றால், மறுபேச்சில்லாமல் தொடங்கிவிடுங்கள். உங்கள் முயற்சி தோற்றது என்று நினைக்க வேண்டாம், குறைந்த எடையும் உப்பும் அந்த மாத்திரைக்கு ஒத்தாசையாகவே இருக்கும். நடுவில் வீட்டுச் சராசரி 150/95ஐத் தாண்டினால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். எப்போதாவது 180/120 காட்டினால், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளந்து, அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குளறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி இருந்தால் மறுபடி அளக்கவும் நிற்காமல் நேராக அவசர சிகிச்சைக்கு.

இன்னும் ஒன்று. கருவி வந்ததும் தம்பியையும் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து அளந்து பாருங்கள். அப்பா உங்கள் இருவருக்கும் அப்பாதானே.